றோவேர்ஸை வாங்க வந்தவருக்குப் போட்ட மாலை

குணவதி அன்ரி ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்ரைம் செய்வதில்லை. அவர் வேலை செய்யும் மஃபின் தொழிற்சாலையில் ஞாயிறு வேலைக்குப் பெயர் கொடுக்க மற்றப் பெண்கள் போட்டி போடுவார்கள். அன்ரி மட்டும் சுப்பவைசரிடம் "சண்டே, சொக்கர்" என்று இரண்டு சொல்லில் கதையை முடித்துவிடுவார். அன்ரியின் மகன் எங்கேயோ உதைபந்து விளையாடுகிறான் என்றுதான் அந்த மனிதர் நெடுநாள் நினைத்திருந்தார். அன்ரிக்குப் பிள்ளைகள் இல்லை. ஐம்பதை நெருங்கும் ஒரு பெண், கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு, மைதானத்து மேல் வரிசையில் ஏறி உட்கார்ந்து நடுவரைப் பார்த்துக் கத்துவார் என்று அவர் எப்படி நினைப்பார்?

நாங்கள் கனடாவில், மோர்னிங்சைட்டில் ஒரே தொடர்மாடியில், எதிரெதிர் வீடுகளில் இருந்தோம். பள்ளிக்கூடம் முடித்த வருடம் எனக்கு வேலையும் சரிவரவில்லை, மேலே படிக்கவும் மனம் ஓடவில்லை. அன்ரியின் கணவர் நவரட்ணம் அங்கிள் இரவு வேலைக்காரர். ஞாயிறு முழுவதும் தூங்குவார். ஆகவே அன்ரிக்குத் துணையாக நான் மைதானத்துக்குப் போகத் தொடங்கினேன்.

ஹைலண்ட் கிறீக் றோவேர்ஸ் பெரிய கழகம் ஒன்றுமில்லை. ஸ்கொட்லாந்துக்காரர் சிலர் எப்போதோ தொடங்கியது. பிறகு யன்னல் செய்து விற்கும் ஒரு முதலாளி அதை வாங்கி நடத்தினார். மைதானத்தின் ஒரு பக்கம் பலகை இருக்கைகள், மற்றப் பக்கம் கம்பிவேலி. நடந்து போகிற தூரம் என்பதால் எங்கள் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, மேல் வரிசைகள் முழுவதும் தமிழாகிவிட்டன.

அன்ரிக்கு உதைபந்தாட்டம் பழகியது ஜேர்மனியில். எண்பத்தாறாம் ஆண்டுக் கோடையில் அவர் அங்கே ஓர் அகதி விடுதியில் இருந்தார். பொது அறையில் ஒரு தொலைக்காட்சி. பாஷை தெரியாமல் பார்க்கக்கூடியதாக இருந்தது உலகக் கிண்ணப் போட்டி ஒன்றுதான். பக்கத்து அறை எதியோப்பியப் பெண் தேநீர்க் கோப்பைகளை மேசையில் அடுக்கி, ஓவ்சைட் என்றால் என்ன என்று அவருக்குக் காட்டிக் கொடுத்தாள். அந்தக் கோப்பைகளை வைத்துத்தான் அன்ரி எனக்கும் அதை விளங்கப்படுத்தினார்.

றோவேர்ஸ் மைதானத்துக்கு அன்ரியை முதலில் கூட்டிக்கொண்டு போனவர் அவருடைய ஒரே அண்ணன், இரத்தினவேல் அங்கிள். ஆனால் நான் போகத் தொடங்கிய காலத்தில் அவர்கள் இருவரும் கதைப்பதில்லை. கோபம். அது வந்த விதத்தை எங்கள் கட்டடத்தில் எல்லோரும் அறிவார்கள். அங்கிளின் மகனுக்குக் கலியாணம். தங்கைக்கு நேரில் வந்து சொல்ல வேண்டிய அண்ணன், ரெலிபோனில் அழைத்திருக்கிறார். அன்ரி வேலையில். செய்தி பதிகிற மெசின் எடுத்திருக்கிறது. அங்கிள் கலியாண நாளையும் மண்டபத்தையும் மெசினுக்குச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்ரி அதைக் கேட்டுவிட்டு, "எனக்கு வாயில்லை, மெசினுக்குத்தான் வாய். அப்ப மெசினே போய் மணமக்களுக்கு அறுகரிசி போடட்டும்" என்று இருந்துவிட்டார். தங்கை கலியாணத்துக்கு வரவில்லை என்று அங்கிளுக்குக் கோபம். அன்றிலிருந்து ஒருவர் வீட்டுப் படியை மற்றவர் மிதிக்கவில்லை.

அவர்கள் ஒன்றாக நின்ற இடம் அந்த மைதானம் ஒன்றுதான். அன்ரி மேல் வரிசையில் இருப்பார். அங்கிள் கீழே கம்பியடியில் நிற்பார். அங்கிள் ஊரில் பின்வரிசையில் விளையாடியவர். அதனால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

"ஓவ்சைட்! ஓவ்சைட்! கொடியைத் தூக்கடா!" என்று அவர் கத்துவார்.

அன்ரி யாரையும் பார்க்காமல், வானத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லுவார்: "பந்து பின்னுக்கு வந்தால் ஓவ்சைட் இல்லையெண்டு சிலபேருக்கு இன்னும் தெரியாது."

அங்கிள் வேலிக் கம்பிக்குப் பதில் சொல்லுவார்: "ரீவியிலை படிச்ச ஆக்கள் எங்களுக்குப் படிப்பிக்க வருகினம்."

இடைவேளையில் அன்ரி ஈயத்தாளில் சுற்றிய கடலை வடையைப் பிரிப்பார். எங்களோடு எப்போதும் இருப்பவர் அன்புராசா அண்ணை, டாக்சி ஓட்டுபவர். அவரிடம் நான்கு வடையைக் கொடுத்து, "உந்தக் கம்பியடியிலை நிக்கிற ஆக்களுக்கும் குடு தம்பி" என்பார். அன்புராசா அண்ணை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து சொல்லுவார்: "உப்புக் கொஞ்சம் கூடவாம் அக்கா."

"ஆர் சொன்னது?"

"கம்பி சொன்னது."

அடுத்த ஞாயிறு வடையில் உப்புக் குறைந்திருக்கும்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் யன்னல் முதலாளி கடனில் முறிந்துபோனார். நீதிமன்றம் ஒரு கணக்காளர் கொம்பனியைப் பொறுப்பாக வைத்தது. அதற்குப் பெயர் றிசீவர். கழகத்தையும் மைதானத்தையும் யாராவது வாங்கும்வரை எல்லாம் அவர்கள் கையில். ஒரு நாள் நாங்கள் போனபோது வாசலில் சங்கிலியும் பூட்டும் தொங்கின. ஏப்ரல் முடிவதற்குள் வாங்க ஆள் வராவிட்டால் அடுத்த கோடை லீக்கில் றோவேர்ஸுக்கு இடமில்லை என்று பத்திரிகையில் சின்னதாகப் போட்டிருந்தார்கள்.

அங்கிளால் அதை ஏற்கவே முடியவில்லை. "கழகத்தை எப்பிடியடாப்பா விக்கிறது? உது என்ன கொத்துரொட்டிக் கடையோ? கழகமெண்டால் ஊர்ச் சனத்தின்ரை எல்லோ!"

"இது ஊர்க் கழகமில்லை, கொம்பனி எண்டு விளங்காத ஆக்களுக்குச் சொல்லு அன்புராசா" என்றார் அன்ரி.

அந்தப் பனிக்காலம் முழுவதும் ஞாயிறு பின்னேரங்களில் நாங்கள் மைதானத்துக்கு எதிரே இருந்த கோப்பிக் கடையில் கூடினோம். விளையாட்டு இல்லை என்று தெரியும். வீட்டில் இருக்கவும் முடியவில்லை. யன்னலோரத்தில் இருந்தால் பனி மூடிய கோல்கம்பங்கள் தெரியும். அன்ரி ஒரு மேசை, அங்கிள் இன்னொரு மேசை, நடுவில் அன்புராசா அண்ணை.

வதந்திகளைக் கொண்டுவருவதும் அவர்தான். ஒரு கிழமை பீற்சா அடுப்பு செய்கிற இத்தாலியர் வாங்கப் போகிறார். அடுத்த கிழமை மீன் இறக்குமதி செய்கிற போர்த்துக்கேயர். பிறகு ஓய்வுபெற்ற ஒரு பல் வைத்தியர். அஜின்கோர்ட்டில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் எங்கள் ஆள் ஒருவர் என்றும் ஒரு கதை வந்தது. ஒருவரும் வாங்கவில்லை. றிசீவரின் அலுவலகத்துக்கு அழைத்தால் ஒரு பெண் மிக மரியாதையாக, அலுவல் நடந்துகொண்டிருக்கிறது என்பாள். என்ன அலுவல் என்று கேட்டால் அதைச் சொல்ல முடியாது என்பாள்.

"பிள்ளைப்பெறுவுக்கு வாசலிலை நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார் அன்புராசா அண்ணை. "உள்ளை என்ன நடக்குதெண்டு ஒரு நேர்சும் வாய் திறக்கிறாளில்லை."

"பத்து மாசத்துக்குள்ளை எண்டாலும் வருமோ எண்டு கேள்" என்றார் அங்கிள்.

சிரித்தோம். ஆனால் உள்ளுக்குள் எல்லோருக்கும் எரிச்சல். யாரிடம் கோபப்படுவது என்று தெரியவில்லை. தோற்றால் நடுவரைத் திட்டலாம், பயிற்சியாளரைத் திட்டலாம். இங்கே திட்ட ஆளே இல்லை. தைமாதம் கடந்தபின் சிலர் வராமல் விட்டார்கள்.

கோப்பிக் கடையில் வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று ஓர் அறிவித்தல் இருந்தது. அதனால் வடை நின்றுபோயிற்று. அது சின்ன விஷயம் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் மாசி மாதத்தில் ஒரு நாள் லிஃப்டில் அன்ரி என்னிடம் கேட்டார்: "கிளப் இல்லாமல் போனால் அண்ணை உந்தக் கடைக்கு வருவாரோ?"

"தெரியேல்லை அன்ரி."

"வரமாட்டார். அவருக்குக் கோப்பி பிடிக்காது" என்றார். "முன்னுக்கு வைச்சு ஆறவிட்டுப்போட்டு அப்பிடியே விட்டிட்டுப் போறார். நான் பாக்கிறனான்."

அன்றுதான் எனக்கு விளங்கியது. மற்றவர்களுக்குப் போகப்போவது ஒரு கழகம். அன்ரிக்குப் போகப்போவது அண்ணன். நேரே போய்க் கதைக்கலாமே என்று கேட்டேன். "நான் என்னெண்டு போறது? சொல்லாமல் விட்டது அவர்" என்றார். லிஃப்ட் நின்றது, கதையும் நின்றது.

ஏப்ரல் மாத நடுவில் அன்புராசா அண்ணை ஓடிவந்தார். மைதானம் பார்க்கிற கிழவர், வாங்க வருகிற ஆள் ஞாயிறு இரண்டு மணிக்கு வந்து இடத்தைப் பார்க்கப் போகிறார் என்று சொன்னாராம். இந்த முறை வதந்தி இல்லை.

"வெறுங்கையோடையோ நிக்கிறது?" என்றார் அன்ரி. "எங்கடை இடத்துக்கு ஒரு பெரியாள் வந்தால் நாங்கள் என்ன செய்வம்?"

அதற்குப் பிறகு ஒருவருக்கும் கேள்வி இருக்கவில்லை. பிரதம விருந்தினர் வந்தால் நிறைகுடம், குத்துவிளக்கு, சந்தனம், மாலை. வாங்க வருகிற மனிதர் இந்தக் கழகத்துக்கு இவ்வளவு சனம் இருக்கிறது என்று கண்ணால் கண்டால் மனம் மாறமாட்டார் என்று எல்லோரும் நம்பினோம். அன்ரி கார்னேஷன் பூ வாங்கி இரவிரவாக மாலை கட்டினார். மாவிலை கிடைக்கவில்லை, கலியாண மண்டபக்காரரிடம் பிளாஸ்ரிக் மாவிலை இரவல் வாங்கினோம். மாலை போடுவது யார் என்று பேச்சு வந்தபோது, "வயசுக்கு மூத்தவர் போடட்டும்" என்றார் அன்ரி. பெயர் சொல்லவில்லை. அங்கிள் மற்ற மேசையிலிருந்து தலையாட்டினார்.

வாசல் பூட்டிக் கிடந்ததால் நடைபாதையில் மடக்கு மேசையை விரித்தோம். வெயில் இருந்தது, ஆனால் காற்று வாடைக்காற்று. குத்துவிளக்கு ஏற்ற ஏற்ற நூர்ந்தது. கடைசியில் அங்கிள் வந்து, கோட்டுப் பொத்தான்களைக் கழற்றி, இரண்டு பக்கத்தையும் விரித்துக் காற்றை மறைத்து நின்றார். அன்ரி அந்த மறைப்புக்குள் குனிந்து திரியைத் தூண்டினார். இருவருக்கும் இடையில் ஒரு முழத் தூரம்.

இரண்டு மணியளவில் சாம்பல் நிறக் கார் ஒன்று வந்து நின்றது. நரைத்த தலை, நீளக் கோட்டு. இறங்கிய மனிதர் எங்களைக் கண்டு திகைத்தார். அங்கிள் மாலையைக் கையில் பிடித்தபடி தயங்கி அன்ரியைப் பார்த்தார். அன்ரி கண்ணால் ஏதோ காட்டினார். உடனே அங்கிள் இரண்டடி முன்னால் போய் மாலையைப் போட்டார். நாங்கள் கைதட்டினோம். அன்ரி சந்தனமும் குங்குமமும் வைத்தார். அந்த மனிதர் நல்லவர். குனிந்து நெற்றியைக் காட்டினார். நன்றி நன்றி என்றார். அன்புராசா அண்ணை ஆங்கிலத்தில், பதினைந்து வருடமாக நாங்கள் இந்தக் கழகத்தின் உயிர் என்று ஒரு சிறு பேச்சும் பேசினார். அவர் கனடாவுக்கு வந்தே ஒன்பது வருடம்.

அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் காரின் பின்பக்கத்தைத் திறந்தார். உள்ளேயிருந்து நீளப் பிடியுள்ள ஒரு சின்னச் சில்லை எடுத்தார். உருட்டிக்கொண்டு போனால் தூரத்தை அளக்கிற சில்லு. பிறகு வாசல் பூட்டைத் திறந்தார்.

தான் கழகத்தை வாங்க வரவில்லை என்றார். வீடு கட்டும் ஒரு கொம்பனிக்காகக் காணியை மதிப்பிட வந்தவராம். காணி தோதாக இருந்தால் வரிசை வீடுகள் வரும். மாலையைக் கழற்றுவது எங்களுக்கு அவமரியாதையோ என்று கேட்டார். அன்புராசா அண்ணை தலையாட்டினார். ஆகவே அவர் மாலையோடேயே சில்லை உருட்டிக்கொண்டு உள்ளே போனார். பெனல்டி எல்லைக் கோடு தெரிகிற இடத்தால், நெற்றியில் குங்குமத்தோடு, சிவப்பு கார்னேஷன்கள் காற்றில் ஆட, எங்கள் மைதானத்தை அவர் அளந்துகொண்டு நடந்ததை நாங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம்.

அப்போதுதான் அது நடந்தது.

"ஆளை ஆரெண்டு கேட்டுப்போட்டு மாலையைப் போட்டிருக்கலாமே அண்ணை!" என்றார் அன்ரி, நேரே அங்கிளைப் பார்த்து.

"நீயெல்லோ போடுங்கோ எண்டு கண்ணைக் காட்டினாய்!"

"நான் கண்ணைக் காட்டினது விளக்கு நூருது, கோட்டை விரியுங்கோ எண்டு!"

"அதை வாயாலை சொல்லுறதுக்கென்ன?"

"வாயாலையோ? வாயாலை சொல்லுறதைப் பற்றி நீங்கள் கதைக்கிறியளோ? கலியாணத்தை மெசினுக்குச் சொன்ன ஆள்!"

"எத்தினை தரம் அடிச்சனான் தெரியுமோ உனக்கு? எப்ப அடிச்சாலும் உன்ரை மெசின்தான் எடுக்குது. நான் அப்ப ரெண்டு வேலை. விடிய ஒண்டு, பின்னேரம் ஒண்டு."

"நாலு பஸ் தரிப்பு! வந்து கதவிலை தட்டியிருந்தால் நான் என்ன துரத்தியே விட்டிருப்பன்? ஒரே ஒரு மருமோன். அவன் தாலி கட்டினதை நான் ஆற்றையோ வீட்டு வீடியோக் கொப்பியிலை பாத்தனான் அண்ணை."

அங்கிள் கோட்டுப் பொத்தான்களைப் போட்டார். ஒன்றை மாறிப் போட்டுவிட்டுத் திரும்பக் கழற்றினார். சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் வேறெங்கோ பார்த்தோம்.

"அப்ப இனி எனக்கு இஞ்சை வேலையில்லைப் போலை" என்றார் அன்புராசா அண்ணை மெதுவாக.

ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கிள் மேசையை மடக்க உதவிவிட்டு நடந்து போய்விட்டார். அன்ரி நிறைகுடத்துத் தண்ணீரை வேலியோரம் நின்ற சின்ன மரத்துக்கு ஊற்றினார்.

காணியை அந்த வீட்டுக் கொம்பனியும் வாங்கவில்லை. நிலத்தடியில் ஏதோ குழாய் போகிறதாம். ஏப்ரல் முடிகிற கிழமையில்தான் உண்மையாக வாங்குகிற ஆள் கிடைத்தார். பிராம்ரனில் பழைய கார் விற்பவர். அவர் மைதானத்தைப் பார்க்கக்கூட வரவில்லை. பெயரையும் விளையாட்டுக்காரரையும் மட்டும் வாங்கினார். இனி றோவேர்ஸ் விளையாடுவது பிராம்ரனில். கழகம் தப்பியது. ஆனால் நகரத்தின் மறு கரைக்குப் போய்விட்டது.

"நான் உவங்கடை வாசல் மிதிக்கமாட்டன்" என்றார் அன்புராசா அண்ணை. "பனிக்குள்ளை காத்துக்கிடந்தது நாங்கள். பந்து பாக்கிறது உவங்களோ?" பலரும் அப்படித்தான் சொன்னார்கள். கோப்பிக் கடையில் அடுத்த ஞாயிறு நானும் அன்ரியும் மட்டும் இருந்தோம். அங்கிளின் மேசையில் யாரோ ஒரு குடும்பம் டோனட் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அன்ரி தன் கோப்பியை முடிக்காமலே எழும்பினார். அதற்கடுத்த கிழமை சுப்பவைசர் ஞாயிறு வேலைக்கு ஆள் கேட்டபோது தானும் பெயர் கொடுக்கலாமோ என்று யோசித்ததாக என்னிடம் சொன்னார். பிராம்ரனுக்குப் பஸ்ஸில் போக மூன்று இடத்தில் மாற வேண்டும். அவருக்குக் கார் ஓடவும் தெரியாது.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் அன்ரி வீட்டில் இருந்தேன். கதவில் தட்டிக் கேட்டது. எங்கள் கட்டடத்தில் கீழே நின்று பஸ்ஸர் மணியை அழுத்தித்தான் எல்லோரும் வருவார்கள். இது நேரே கதவில்.

அன்ரி திறந்தார். இரத்தினவேல் அங்கிள் நின்றார். கலியாணத்துக்குப் போகிற மாதிரி வெளுத்த சேட். கையில் வாழைப்பழச் சீப்பு.

அங்கிள் தொண்டையைச் செருமினார்.

"வாற ஞாயிறு மூண்டு மணிக்கு பிராம்ரனிலை மச்" என்றார். "நேரிலை சொல்லிப்போட்டுப் போவமெண்டு வந்தனான். குடும்பமாய்க் கட்டாயம் வரவேணும்."

அன்ரி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டுதான் இருந்தார். "ஆர் நடத்துற மச்?"

"கார் விக்கிறவன்."

"மாப்பிள்ளை பகுதி நல்ல ஆக்களோ?"

"போய்ப் பாத்தால்தானே தெரியும்."

அன்ரி சிரித்துவிட்டார். பிறகு சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளை வாங்கோ. ஆறவிடாமல் குடிக்கிறதெண்டால் தேத்தண்ணி போடுறன்."

அங்கிள் உள்ளே வந்து சோபா நுனியில் இருந்தார். மூலையில் இருந்த ரெலிபோன் மெசினின் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தார், பிறகு பார்க்காத மாதிரி யன்னல் பக்கம் திரும்பினார்.

"ஒரு மணிக்கு வந்து ஏத்துறன்" என்றார்.

"ஒரு மணிக்கு வந்தால் நாங்கள் போகேக்கை இடைவேளை. ஃபோர் ஓ வண் ஹைவேயிலை ஞாயிறும் சனம். பன்ரண்டுக்கு வாங்கோ."

"பன்ரண்டரை."

"பன்ரண்டு."

"சரி, பன்ரண்டு. வடைக்கு உப்பு..."

"தெரியும்" என்றார் அன்ரி சமையலறையிலிருந்து. "கம்பி ஏற்கெனவே சொல்லிப்போட்டுது."

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு நான் கீழே இறங்கியபோது அங்கிளின் கார் வாசலில் நின்றது. பின் இருக்கையில், யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அன்புராசா அண்ணை. "நான் மச் பாக்க வரேல்லை" என்றார். "இவைக்கு வழி தெரியாது, அதுதான்."

றோவேர்ஸ் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. பிராம்ரன் மைதானத்தில் கம்பிவேலி இல்லை. இருக்க மட்டும்தான் இடம். அங்கிள் அன்ரிக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தார். இரண்டாவது கோல் ஓவ்சைட்டா இல்லையா என்று மைதானத்தில் தொடங்கிய சண்டை, திரும்பி வரும் வழியில் ஹைவேயிலிருந்து மோர்னிங்சைட்டுக்கு இறங்கும் பாதையைத் தவறவிடும்வரை முடியவில்லை.